தன்மையில் பால் இல்லை: உடலை மாற்றிக் காட்டும் கலை எப்படி வேலை செய்கிறது?

“வேறோர் உடலுக்குள் நுழையுங்கள்” என்று அழைக்கும் கலை நிகழ்வுகளைப் பற்றிய செய்திகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. கண்களை மூடி உள்ளே திரையில் காட்சி காட்டும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு குனிந்தால் வேறொருவருடைய மார்பும் வயிறும் தெரியும். யாரோ தோளைத் தொடுவார்கள். கண்ணுக்குத் தெரியும் அந்த வேற்றுத் தோளிலும் அதே நொடியில் ஒரு கை படும். சிறிது நேரத்தில் ‘இது என் உடல்’ என்று தோன்றத் தொடங்கும்.

இதைக் கேட்பவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ‘வெறும் கண்கட்டு வித்தை’ என்று ஒதுக்குவோர் ஒரு பக்கம், ‘ஆணைப் பெண்ணாக்கிவிடுவார்களாம்’ என்று பதறுவோர் மறுபக்கம். உடல், ‘அது என்னுடையது’ என்ற உணர்வு, பாலினம் ஆகிய மூன்றும் வேறு வேறு என்பதைப் பிரித்துப் பார்க்காததால்தான் இரு தரப்பும் தடுமாறுகின்றன.

முதலில் சொற்கள்

1. பால் என்பது குரோமோசோம், ஹார்மோன், உறுப்பமைப்பு சார்ந்தது.

2. பாலின அடையாளம் என்பது ஒருவர் தன்னை ஆணாகவோ, பெண்ணாகவோ, இரண்டிலும் அடங்காதவராகவோ உணர்வது. உடை, நடை, குரல் வழியாக அதை வெளிக்காட்டுவது பாலின வெளிப்பாடு. பிறந்தபோது குறிக்கப்பட்ட பாலும் தன் அடையாளமும் பொருந்தாதவர்கள் திருநர். அந்தப் பொருந்தாமையால் சிலருக்கு உண்டாகும் ஆழ்ந்த வேதனையை இங்கே பாலின உளைச்சல் என்று குறிப்பிடுகிறோம்.

3. அமிழ்வுக் கலை என்பது பார்ப்பவரைப் படைப்புக்கு முன்னால் நிறுத்தாமல் அதற்குள்ளேயே வைக்கும் கலை. காட்சியோடு ஒலி, தொடுகை, மணம், வெப்பம் போன்றவையும் சேர்ந்தால் அது பல்புலன் கலை.

4. உடலுணர்வு என்பதை ஆய்வாளர்கள் ஒற்றைப் பொருளாகக் கொள்வதில்லை. கில்தேனி, குரோட்டன், ஸ்லேட்டர் ஆகியோர் 2012இல் வெளியிட்ட கட்டுரை அதை மூன்றாகப் பிரித்தது: ‘நான் இந்த உடலுக்குள் இருக்கிறேன்’ என்ற இருப்பிட உணர்வு, ‘இதை அசைப்பது நான்தான்’ என்ற செயலுணர்வு, ‘இது என்னுடையது’ என்ற உரிமையுணர்வு. இந்த மூன்றையும் தனித்தனியாகக் கூட்டலாம், குறைக்கலாம். கலைஞர்கள் கை வைப்பது இங்கேதான்.

விஆரை, அதாவது விர்ச்சுவல் ரியாலிட்டியை, தமிழில் ‘மெய்நிகர்’ என்கிறோம். மெய் என்றால் உண்மை, மெய் என்றால் உடல். உண்மைக்கு நிகரானது என்ற பொருளில் உருவாக்கிய சொல் இந்தக் கலைக்கு மட்டும் ‘உடலுக்கு நிகரானது’ என்ற பொருளிலும் பொருந்திப்போகிறது.

ரப்பர் கை கற்றுக்கொடுத்தது

கண்ணை மூடிக்கொண்டும் மூக்கைத் தொட முடிகிறதல்லவா? தசைகளும் மூட்டுகளும் அனுப்பும் தகவலைக் கொண்டு கை எங்கிருக்கிறது என்று மூளை கணக்குப் போடுவதால்தான் அது முடிகிறது. இந்த உணர்வுக்கு 1906இல் பெயர் சூட்டியவர் உடலியலாளர் சார்லஸ் ஷெரிங்டன். அந்தக் கணக்கை எவ்வளவு எளிதாக ஏமாற்றலாம் என்று 1998இல் பாட்வினிக், கோஹன் இருவரும் காட்டினார்கள்.

செய்முறை எளிது. உங்கள் கை ஒரு தடுப்புக்குப் பின்னால் மறைந்திருக்கும். எதிரே மேசைமேல் ஒரு ரப்பர் கை. இரண்டையும் தூரிகையால் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே திசையில் வருட வேண்டும். பலருக்கும் முதல் ஒரு நிமிடத்துக்குள்ளேயே தொடுகை ரப்பர் கையில் நிகழ்வதுபோல் தோன்றிவிடும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ‘உங்கள் கை எங்கே?’ என்று சுட்டச் சொன்னால், விரல் ரப்பர் கை இருக்கும் பக்கமாக நகர்ந்திருக்கும்.

பின்னால் வந்த சோதனைகள் இதன் எல்லைகளை அளந்தன. கண்ணுக்குத் தெரியும் வருடலும் தோலில் படும் வருடலும் ஏறத்தாழ 300 மில்லி விநாடிக்கு மேல் விலகினால் இந்தத் தோற்ற மயக்கம் கலையத் தொடங்கும். ரப்பர் கை நிஜக் கையிலிருந்து 30 சென்டிமீட்டர் அளவுக்கு மேல் தள்ளிப்போனால் வலு குறையும். கையைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தாலோ, கைக்குப் பதில் மரக்கட்டையை வைத்தாலோ மயக்கம் பிடிப்பதில்லை.

எது தடையாக இல்லை என்பதுதான் நமக்கு இன்னும் முக்கியம். தோலின் நிறம் தடை இல்லை. வெள்ளைத் தோலினர் கறுப்புக் கையைத் தன்னுடையதாக உணர்ந்ததை 2012இல் ஃபார்மர் குழுவினர் பதிவுசெய்தார்கள். கை ‘யாருடையது போல’ இருக்கிறது என்பதைவிட, அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா, தொடுகை நேரத்துக்கு வருகிறதா என்பதைத்தான் மூளை அதிகம் பார்க்கிறது. உடல் மாற்றும் கலை முழுவதும் இந்த ஓட்டையின் வழியாகத்தான் நுழைகிறது.

கையிலிருந்து முழு உடலுக்கு

பெட்கோவா, எர்சன் இருவரும் 2008இல் ஒரு கடைப் பொம்மையின் தலையில் இரண்டு கேமராக்களைக் கீழ்நோக்கிப் பொருத்தினார்கள். பங்கேற்பாளர் ஹெட்செட்டில் குனிந்து பார்த்தால் பொம்மையின் வயிறு தெரியும். இரு வயிற்றையும் ஒரே நேரத்தில் தொட்டதும் பொம்மையின் உடல் அவருடையதாகிவிட்டது. பொம்மைக்குக் கத்தியைக் காட்டியபோது வியர்த்தது அவருடைய தோல். இன்னொரு கட்டத்தில் பங்கேற்பாளர், ஆய்வாளரின் கண்ணோட்டத்திலிருந்து தன்னையே பார்த்துத் தன் கையைக் குலுக்கினார். அப்போதும் மயக்கம் நீடித்தது.

மெல் ஸ்லேட்டர் குழு 2010இல் ஆண்களை ஒரு சிறுமியின் மெய்நிகர் உடலில் வைத்துப் பார்த்தது. தொடுகை சரியான நேரத்துக்கு வருவதைவிட, சிறுமியின் கண்கள் இருக்கும் இடத்திலிருந்து பார்ப்பதே அங்கே வலுவான காரணியாக இருந்தது. காட்சியரங்கு அமைப்பவர்களுக்கு இது நேரடிப் பாடம். பணமும் நேரமும் குறைவென்றால் முதலில் கேமராவின் உயரத்தையும் கோணத்தையும் சரிசெய்யுங்கள், தொடுகைக் கருவிகள் பிறகு வரட்டும்.

கலைஞர்கள் முன்பே அங்கே இருந்தார்கள்

ரப்பர் கைச் சோதனைக்கே முப்பது ஆண்டுகள் முன்பே, ஹெட்செட் எதுவுமில்லாமல், பிரேசில் கலைஞர் லிஜியா கிளார்க் இதே கேள்வியைத் தொட்டுவிட்டார். ‘நானும் நீயும்’ என்ற அவருடைய 1967 படைப்பில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கண்ணை மறைக்கும் தலைமூடியோடு கூடிய முழு உடுப்பை அணிவார்கள். இருவரையும் ஒரு குழாய் இணைக்கும். எதிரில் இருப்பவருடைய உடுப்பின் ஜிப்பைத் திறந்து கையை விட்டால், அங்கே தன் பாலின் உடலை நினைவூட்டும் பொருள்கள் தட்டுப்படும். ஆணின் உடுப்புக்குள் பெண்மையின் தடயம், பெண்ணின் உடுப்புக்குள் ஆண்மையின் தடயம். கண்ணை மூடிவிட்டுத் தொடுகையிடம் பொறுப்பை ஒப்படைத்த துணிவு இன்றைய பல படைப்புகளில் இல்லை. அடுத்த ஆண்டு வந்த ‘வீடே உடல்’ நிறுவலில் பார்வையாளர்கள் கருப்பையை நினைவூட்டும் அறைகளுக்குள் புகுந்து வெளிவந்தார்கள்.

நிக்கி த செயின்ட் ஃபால் 1966இல் ஸ்டாக்ஹோமில் உருவாக்கிய பேருருவப் பெண்சிலைக்குள் மக்கள் கால்களுக்கு இடையிலிருந்த வாயில் வழியாக நுழைந்தார்கள். பெண்ணுடல் அங்கே ஒரு கட்டடம்.

கலைஞர் சார் (Char) டேவிஸின் 1995ஆம் ஆண்டு விஆர் படைப்பு வேறு வழியில் போனது. மார்பைச் சுற்றிய பட்டை மூச்சை அளந்தது. மூச்சை இழுத்தால் மேலே மிதப்பீர்கள், விட்டால் கீழே இறங்குவீர்கள், உடலைச் சாய்த்தால் அந்தப் பக்கம் நகர்வீர்கள். கையில் எந்தக் கருவியும் இல்லை. அங்கே நீங்கள் ஆணுமல்ல பெண்ணுமல்ல, மூச்சு மட்டும்தான்.

மணத்தைக் கையாண்டவர்களில் அனிக்கா யீ முக்கியமானவர். 2015இல் நியூயார்க்கில் 100 பெண்களிடமிருந்து எடுத்த பாக்டீரியாக்களை வளர்த்து, அதன் வாசனையைக் காட்சிக்கு வைத்தார். பெண்ணுடலைப் பார்க்கக் கொடுக்காமல் முகரக் கொடுத்தார். பார்வைக்குப் பழகிய ரசனை அங்கே பற்றிக்கொள்ள ஏதுமின்றி நிற்கிறது.

பீஅனதர்லேப் என்ற குழு 2014இல் பரவலாக அறியச்செய்த பாலின மாற்றப் படைப்பு, ஆய்வு, கலை என்ற இந்த இரு ஓடைகளும் சந்திக்கும் இடம். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கேமரா பொருத்திய ஹெட்செட்டை அணிவார்கள். இவர் கேமரா பார்ப்பது அவர் கண்ணுக்கும், அவர் கேமரா பார்ப்பது இவர் கண்ணுக்கும் போகும். இருவரும் ஒரே அசைவை ஒரே நேரத்தில் செய்தால்தான் மயக்கம் நிற்கும். எனவே யாரும் முன்னே போகாமல், யாரும் இழுபடாமல், பேச்சில்லாமலே ஒத்துப்போக வேண்டும். படைப்பின் உயிர் இந்த ஒப்புதலில்தான் இருக்கிறது.

அறைக்குள் என்ன இருக்கிறது, எது கெடுகிறது

இருவர் உடல் மாற்றும் அமைப்பை அடிப்படையாக எடுத்துக்கொள்வோம்.

1. பார்வை. கேமராக்கள் அணிபவரின் கண் உயரத்திலேயே இருக்க வேண்டும். இரண்டு கேமராக்களுக்கு இடையிலான தூரம் கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தை ஒத்திருக்க வேண்டும், அது பெரியவர்களுக்குச் சராசரியாக 63 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். இது விலகினால் குனிந்து பார்க்கும் உடல் பொம்மை அளவுக்குச் சுருங்கியோ பூதமாக வீங்கியோ தெரியும். கணினி உருவாக்கும் காட்சியில் தலையைத் திருப்பியதும் படம் 20 மில்லி விநாடிக்குள் திரும்ப வேண்டும் என்பது பொதுவான இலக்கு. இருவர் அமைப்பில் இந்த இலக்கை எட்டவே முடியாது, ஏனென்றால் கேமரா இருப்பது இன்னொருவர் தலையில். நீங்கள் சட்டென்று திரும்பினால் படம் அசையாது. சமநிலையை உணரும் உட்காது ‘திரும்பினாய்’ என்று சொல்லும், கண் ‘இல்லை’ என்று சொல்லும், குமட்டல் வரும். ‘மெதுவாக’ என்ற ஒற்றை விதிதான் இதற்கு மருந்து. முதல் இரண்டு நிமிடம் தலையை அசைக்காமல் தன் கைகளை மட்டும் பார்க்கச் சொல்வது நல்லது.

2. தொடுகை. இரண்டு உதவியாளர்கள் இருவரையும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் தொட வேண்டும். கண்ணசைவை நம்பினால் அரை விநாடி பிசகிவிடும், அது 300 மில்லி விநாடி எல்லையைத் தாண்டிய பிசகு. உதவியாளர்களின் காதில் சீரான இடைவெளியில் தட்டும் தாளக்கருவி ஒலிக்கட்டும். வேகமும் முக்கியம். முன்கை போன்ற ரோமமுள்ள தோலில் மென்மையான வருடலுக்கென்றே தனி நரம்பிழைகள் உள்ளன. அவை விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் நன்றாகத் துலங்கும். 3 சென்டிமீட்டர் அளவு இதமானது. வேகமாகத் தேய்த்தால் வருடல் துடைப்பாகிவிடும்.

3. அதிர்வு. தரைக்கோ இருக்கைக்கோ அடியில் வைக்கும் அதிர்வுக் கருவிகள் தாழ்ந்த ஒலியை எலும்பு வழியாகக் கேட்கவைக்கின்றன. விரல் நுனியில் ஆழமாக இருக்கும் உணர்விகள் 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை கூர்மையாக இருக்கும், அதனால் கையில் பிடிக்கும் பொருளுக்கு அந்த அளவு ஏற்றது. பலகையோடு கருவியை நேரடியாக முடுக்கினால் அறையின் ஆணிகளெல்லாம் சேர்ந்து கடகடக்கும். இடையில் ரப்பர் அணை வேண்டும்.

4. ஒலி. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. 10 மீட்டர் தள்ளியிருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து காதுக்கு வர 29 மில்லி விநாடி ஆகும். இதயத்துடிப்பை எடுத்து ஒலியாகத் திருப்பித் தரும் படைப்புகளில் இந்தத் தாமதத்தோடு கணினியின் தாமதமும் சேரும். கூட்டிப் பார்க்காவிட்டால் துடிப்பு ‘என்னுடையது’ ஆகாமல் பக்கத்து அறைச் சத்தமாகிவிடும்.

5. மணம். அதிகம் சொதப்புவது இங்கேதான். மூக்கு சில நிமிடங்களில் ஒரு மணத்துக்குப் பழகிவிடும். நாளெல்லாம் அறையில் நிற்கும் ஊழியருக்கு எதுவும் மணக்காது. ‘தீர்ந்துவிட்டது’ என்று எண்ணி இன்னும் கொஞ்சம் ஊற்றுவார், அடுத்து நுழைபவருக்குத் தலை வலிக்கும். அளவை ஊழியர் மூக்கை வைத்துத் தீர்மானிக்காமல் அளவுக்குழாயை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். மணம் சுவரிலும் துணியிலும் ஒட்டிக்கொள்வதால், ஓர் அறைக்கு ஒரு மணமே தாங்கும். காற்றோட்டத்தைத் திட்டமிடாமல் இரண்டாவது மணத்தைச் சேர்த்தால் மூன்றாவதாக ஒரு நாற்றம்தான் மிஞ்சும்.

6. ஒளி. விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் ஒளி, குறிப்பாக அடர்சிவப்பு, ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து. மூலை, விளிம்பு எதுவும் தெரியாத ஒரே நிற ஒளியறைகளில் தூரம் பிடிபடாமல் ஆட்கள் விழுவார்கள். கைப்பிடிக் கம்பி அழகைக் கெடுக்கிறது என்று கழற்றிவிடக் கூடாது.

இது பாலினத்தைப் பற்றி என்ன சொல்கிறது?

டசிகோவ்ஸ்கி, ஃபஸ்ட், எர்சன் மூவரும் 2020இல் 140 பேரிடம் நடத்திய சோதனைகள் இங்கே நேரடியானவை. எதிர்ப்பாலின் உடல் தன்னுடையது என்ற மயக்கம், ஆண், பெண் இரண்டு அடையாளங்களோடும் கூடுதல் சமநிலையாகத் தன்னைப் பொருத்திப் பார்ப்பதோடு தொடர்புற்றிருந்தது. ‘ஆண் இப்படி, பெண் இப்படி’ என்று தன் குணங்களைப் பற்றி வைத்திருந்த வார்ப்பு எண்ணங்களும் தளர்ந்தன.

பதறுவோர் கவனிக்க வேண்டியது: யாரும் வேறு பாலினமாக மாறவில்லை, சோதனையின்போது தன்னை மதிப்பிடும் அளவுகோல் சற்று நகர்ந்தது, அவ்வளவே. ஒதுக்குவோர் கவனிக்க வேண்டியது: அந்த நகர்வு ஒன்றுமில்லாததும் அல்ல. பாலின உணர்வின் ஓர் இழை, உடலை ஒவ்வொரு கணமும் உணர்வதோடு முடிச்சிடப்பட்டிருக்கிறது என்பதற்கு அது சான்று.

ஓர் இழை மட்டும்தான். தமிழ் இலக்கணம் இதை நன்றாக விளக்கும். ‘நான் வந்தேன்’ என்பதில் பால் இல்லை. ‘நீ வந்தாய்’ என்பதிலும் இல்லை. ‘அவன் வந்தான்’, ‘அவள் வந்தாள்’ என்று மற்றவர் நம்மைப் பற்றிப் பேசும்போதுதான் விகுதியில் பால் ஏறுகிறது. ஹெட்செட் கொடுப்பது தன்மை இடத்தை: என் கை, என் வயிறு, என் மூச்சு. ஆனால் ஒரு பெண்ணாகவோ திருநராகவோ வாழ்வதில் பெரும்பகுதி படர்க்கையில் நடக்கிறது. யார் முறைக்கிறார்கள், யார் இடைமறித்துப் பேசுகிறார்கள், எந்தக் கழிப்பறை வாசலில் தயங்க வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் குனிந்து பார்க்கும் வயிற்றில் தெரியாது. பத்து நிமிடம் வேறு மார்போடு உட்கார்ந்திருந்தவர் ‘பெண்ணாக இருப்பது புரிந்துவிட்டது’ என்று சொன்னால், படைப்பு அவரை ஏமாற்றிவிட்டது என்றுதான் பொருள். உடல் மாற்றத்தைப் ‘பரிவு இயந்திரம்’ என்று விற்கும் விளம்பரங்கள் இந்த ஏமாற்றத்தை வளர்க்கின்றன.

பெரும்பாலான விளம்பரங்கள் ‘ஆண் பெண்ணாகிறான்’ வகையையே முன்னிறுத்துகின்றன, பலவீனமான வகையும் அதுதான். திருநர்கள் தமக்குப் பொருந்தும் உடலைத் தாமே வடிவமைத்து அதற்குள் நின்று பார்க்கும் படைப்புகள் வேறு தளத்தவை. அங்கே உடல் வேடமாக இல்லாமல் ஒரு வரைவாக ஆகிறது. மூச்சாகவோ ஒளிப்புள்ளிகளாகவோ உடலைக் கரைக்கும் படைப்புகள் யாரையும் போலச் செய்வதில்லை. எதையும் ‘புரியவைப்பதாக’ வாக்களிப்பதும் இல்லை. அதனாலேயே அவை நேர்மையாக நிற்கின்றன.

ஆய்வுப் பக்கத்திலும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஆய்வாளர் பீட்டர் லஷ் 2020இல் எழுப்பிய கேள்வி இது: என்ன உணர வேண்டும் என்று பங்கேற்பாளர்கள் எளிதாக ஊகித்துவிடுகிறார்கள் என்றால், வினாத்தாளில் வரும் ‘உணர்ந்தேன்’ என்ற பதிலில் எவ்வளவு மயக்கம், எவ்வளவு எதிர்பார்ப்பு? கருத்தேற்றத்துக்கு, அதாவது ‘இப்படி உணர்வாய்’ என்று சொன்னால் அப்படியே உணர்வதற்கு, எளிதில் இணங்குபவர்களிடம் ரப்பர் கை மயக்கமும் வலுவாகத் தோன்றுகிறது என்று அவரும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். காட்சியரங்கில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும். ‘இன்று நீங்கள் வேறு உடலை உணர்வீர்கள்’ என்ற பலகையைப் படித்துவிட்டுத்தான் எல்லோரும் உள்ளே வருகிறார்கள். எதுவுமே உணராமல் வெளியேறுபவர்களும் உண்டு. அது அவர்களுடைய குறையல்ல.

நடத்துபவரும் நுழைபவரும் கேட்க வேண்டியவை

1. உடலில் எங்கே தொடுவார்கள், எங்கே தொடமாட்டார்கள் என்று முன்கூட்டியே எழுத்தில் சொல்கிறார்களா? ஹெட்செட் அணிந்த பிறகு கேட்கும் ஒப்புதல் ஒப்புதல் ஆகாது.

2. நடுவில் நிறுத்த ஒரு சைகை உண்டா? பேச்சை நம்ப முடியாது, ஒலி நிறைந்த அறையில் குரல் கேட்காது. கையை உயர்த்துவது போதும்.

3. பாலின உளைச்சல் உள்ளவர்களுக்குக் குறிப்பான எச்சரிக்கை இருக்கிறதா? தவறான உடலில் பூட்டப்பட்ட உணர்வோடு வாழ்பவருக்கு, இன்னொரு பொருந்தாத உடலை மாட்டிவிடுவது விளையாட்டல்ல. பொருந்தும் உடலைக் காட்டிவிட்டுப் பத்தாவது நிமிடத்தில் பறிப்பதும் சிலருக்கு அதே அளவு வலிக்கும். வெளியே வந்ததும் அமர ஓர் அமைதியான இடமும் பேச ஓர் ஆளும் வேண்டும்.

4. எப்படி வெளியே கொண்டுவருகிறார்கள்? திரையைச் சட்டென்று அணைக்கக் கூடாது. முதலில் தொடுகையை நிறுத்தி, பிறகு ஒலியைத் தாழ்த்தி, தன் கைகளைத் தானே தேய்த்துக்கொள்ளச் சொல்லி, கடைசியாக ஹெட்செட்டைக் கழற்ற வேண்டும். எழுந்து நடக்கும் முன் ஐந்து நிமிடம் உட்காரவைப்பது தடுமாற்றத்தைத் தவிர்க்கும்.

5. படைப்பை உருவாக்கியபோது திருநர்கள் குழுவில் இருந்தார்களா, அல்லது முடிந்த பிறகு கருத்துக் கேட்கப்பட்டதா? தன்னைக் கண்ணாடியில் பார்ப்பதுபோன்ற காட்சியில் எந்த உடல் ‘இயல்பான பெண்’ என்று வைக்கப்படுகிறது என்பதிலேயே இந்த வேறுபாடு தெரிந்துவிடும்.

6. பதிவாகும் தரவு எங்கே போகிறது? மூச்சு, துடிப்பு, கண்ணசைவு, நடை ஆகியவை கைரேகையைப் போல ஒருவரை அடையாளம் காட்டக்கூடியவை. அவற்றோடு ‘எந்தப் பாலின உடலைத் தேர்ந்தெடுத்தார், எவ்வளவு நேரம் அதில் இருந்தார்’ என்ற குறிப்பும் சேர்ந்தால், ஒருவர் வீட்டில்கூடச் சொல்லாத ஒன்று ஒரு நிறுவனத்தின் கணினியில் சேமிக்கப்பட்டிருக்கும். நிகழ்வு முடிந்ததும் அழிக்கப்படும் என்ற எழுத்துறுதி இல்லையென்றால், மார்புப் பட்டையை அணிய மறுக்கலாம். பட்டையில்லாமல் உள்ளே விடமாட்டோம் என்றால், ஏன் என்று கேட்கலாம்.